கொதிக்க மறுத்த டீ

அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நவ்வாராவும் அவள் தம்பி ஷெஹாத்தாவும் முதலில் இதை அதிர்ஷ்டம் என்றே நினைத்தார்கள். ஷெஹாத்தா செருப்போடு பாயில் ஏறினான், திட்டு விழவில்லை. கோழிக்கூண்டைத் திறந்துவிட்டான், அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. கோழிகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தன. அம்மா அவற்றைப் பார்த்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் நவ்வாராவுக்குப் பயம் வந்தது. அவர்கள் தெருவிலேயே உரத்த குரல் அம்மா அவாதிஃபின் குரல்தான். அவள் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால், நைல் நதிக்கரையில் விளையாடும் ஷெஹாத்தா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவருவான். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்கூட அவள் சொல்வது பாதிதான் கேட்கிறது.

எகிப்தின் எஸ்னா ஊரைச் சுற்றியிருக்கும் வயல்களில் குளிர்காலம் என்றால் தக்காளிக் காலம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தக்காளியை இரண்டாக நறுக்குவார்கள். நறுக்கியதை வயலில் விரித்த வலைமேல் பரப்பி, உப்பைத் தூவி வெயிலில் காயவிடுவார்கள். அம்மா விடியும் முன்னே போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். சாறும் உப்பும் பட்டு அவள் விரல்கள் வெடித்திருந்தன. அதனால் அந்த வீட்டில் தக்காளி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. தெருவில் தக்காளி வண்டி வந்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்பா கடலோரத்து ஹுர்கதாவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். பெருநாளைக்குப் பெருநாள்தான் வருவார். ஆகவே வீடு, வயல், கோழி, ஷெஹாத்தா எல்லாமே அம்மாவின் தலையில்தான்.

சாயங்காலம் வந்ததும் அம்மா ரொட்டியும் பருப்பும் சாப்பிடுவாள். கடைசி வாய் இறங்குவதற்குள் டீ வந்துவிட வேண்டும். பால் சேர்க்காத டீ அது. தேயிலையையும் சர்க்கரையையும் தண்ணீரில் போட்டு, கன்னங்கரேல் என்று ஆகும்வரை கொதிக்கவைப்பார்கள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, அந்தக் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். டீ தீரும்வரை யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. ஒரு முழு நாளில் அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் வயலில், தக்காளி வலைமேலேயே அம்மா மயங்கி விழுந்தாள். முகமெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து, கூட வேலை செய்யும் உம் ஹம்தி போட்ட கூச்சலில் அடுத்த வயல்காரர்கள்கூட ஓடிவந்துவிட்டார்கள். துடைத்துப் பார்த்தால் தக்காளி.

சுகாதார நிலையத்தில் டாக்டர் ரீஹாம் அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். வெளியே நீளமான வரிசை நின்றது. டாக்டரே களைத்துப்போய்த்தான் இருந்தார்.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. உடம்புல இரும்புச்சத்தே இல்லை. பருப்பு, கீரை நல்லா சாப்பிடுங்க. முடிஞ்சா ஈரல் சாப்பிடுங்க. இந்த இரும்பு மாத்திரைய தினமும் ராத்திரி சாப்பாடு ஆனதும் போட்டுக்கங்க" என்றார்.

அன்றிலிருந்து சமையல் நவ்வாராவின் பொறுப்பு. ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் முலுகியா கீரை, மறுநாள் மறுபடியும் பருப்பு. பானையைத் திறந்து பார்த்துப் பார்த்து ஷெஹாத்தா நொந்துபோனான்.

"யம்மாவுக்குத்தானே இரும்பு வேணும்? என்னை ஏன் தின்னச் சொல்ற?"

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"இவ்வளவு இரும்பு தின்னா யம்மா கனமாதானே ஆகணும்? ஏன் இளைச்சுட்டே போறா?"

அது நவ்வாராவுக்கும் புரியவில்லை. வாரங்கள் ஓடின. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். எள்ளளவும் ஏறவில்லை. அத்தனை பருப்பும் கீரையும் மாத்திரையும் எங்கேதான் போகின்றன?

அப்பாவின் அக்கா ஸக்கியா அத்தைக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "கண்ணு பட்டிருக்கு" என்று சொல்லி, கண்ணேறு கழிக்கும் பெரிய நீலக் கண்ணாடி மணி ஒன்றை வாசலில் கட்டினாள். கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரு அவாதிஃப், மேஸ்திரி கினாவி என்கிட்ட சொல்லிட்டான். இன்னொரு தடவை நீ விழுந்தா வேற ஆளைப் போட்டுப்பானாம். நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் லீவுதானே? நவ்வாரா உன்கூட வயலுக்கு வரட்டும். அங்க எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுக்கட்டும். லீவு முடியறதுக்குள்ள உனக்குச் சரியானா நல்லது. ஆகலைன்னா கத்திய அவ கையில கொடுத்துட்டு நீ வீட்ல படு."

"அப்ப பள்ளிக்கூடம்?" என்றாள் நவ்வாரா.

"ஏண்டி, பள்ளிக்கூடம் எங்கேயாவது ஓடியா போயிடும்?"

பழைய அம்மாவாக இருந்தால் இந்த இடத்தில் வீடே அதிர்ந்திருக்கும். இப்போதிருந்த அம்மா நவ்வாராவைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. "சரி அண்ணி" என்று மட்டும் சொன்னாள். நவ்வாராவுக்கு அத்தைமேல் வந்த கோபத்தைவிட, அந்த 'சரி' கொடுத்த வலி அதிகம்.

அன்று சாயங்காலம் அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே, பாதி டீயிலேயே தூங்கிப்போனாள். நவ்வாரா ஓசைப்படாமல் அவளுக்குப் போர்த்திவிட்டாள்.

காலையில் டம்ளரைக் கழுவப் போனாள். அடியில் கொஞ்சம் டீ மிச்சம் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் எப்போதும் செங்கல் நிறத்தில் வரும். அன்று மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல நீலமும் கறுப்புமாக வந்தது. டம்ளரின் அடியில் பாதி கரைந்த மாத்திரை கிடந்தது. தூக்கத்தில் அம்மாவின் கையிலிருந்து நழுவி விழுந்திருக்க வேண்டும்.

நவ்வாரா விரலை விட்டுப் பார்த்தாள். விரலும் கறுத்தது. இன்னொரு டம்ளரில் வெறும் தண்ணீரை எடுத்து மாத்திரையின் மிச்சத்தில் ஒரு துணுக்கைப் போட்டாள்; தண்ணீர் கறுக்கவில்லை. அதில் இரண்டு சொட்டு டீயை விட்டாள். உடனே மை!

'டம்ளருக்குள்ளேயே இப்படின்னா, அம்மா வயித்துக்குள்ள என்ன நடக்கும்?' என்று நினைத்தாள். பருப்பு தின்றதும் டீ, கீரை தின்றதும் டீ, மாத்திரையை விழுங்குவதே டீயோடு.

பின்னாலேயே வருவதாகச் சொல்லி அம்மாவை வயலுக்கு அனுப்பிவிட்டு, டம்ளரை ஒரு தட்டால் மூடிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். சிந்தாமல் நடப்பதற்குள் கை கடுத்துப்போனது.

"டாக்டரம்மா, இதைப் பாருங்க. டீயும் மாத்திரையும் சேர்ந்தா இப்படி ஆகுது."

டாக்டர் ரீஹாம் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்கம்மா எப்பெல்லாம் டீ குடிப்பாங்க?"

"எப்ப குடிக்க மாட்டாங்கன்னு கேளுங்க."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேன். டீயைப் பத்தி நான் கேட்கவே இல்லையே."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க, டாக்டரம்மா. டீயை எங்க ஊர்ல யாரும் கணக்குல சேக்கறதில்லை."

"சரியாப் போச்சு. இங்க பாரு, டீ குடிச்சா நாக்கு துவர்க்குதில்ல? அந்தத் துவர்ப்பு இருக்கே, அது இரும்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். பிடிச்சா விடாது. ரெண்டும் சேர்ந்து உடம்பை விட்டு வெளியே போயிடும். டீ கெட்டது இல்லை; நேரம்தான் தப்பு. சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நல்லா ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும். சாப்பாட்டுல எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லு. பருப்புல இருக்கற இரும்பை அது உடம்புக்குள்ள கூட்டிட்டுப் போகும். வேகவைக்காத தக்காளிகூட அதே வேலையைச் செய்யும்."

"தக்காளி மட்டும் வேணாம், டாக்டரம்மா. எங்க வீட்ல அந்தப் பேரையே சொல்லக் கூடாது."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு தன் மேசைமேல் இருந்த டீயையும், பக்கத்தில் பாதி கடித்து வைத்திருந்த ரொட்டியையும் பார்த்தார். டீயைச் சற்றுத் தள்ளி வைத்தார். "மாத்திரைய உன் தம்பிக்கு எட்டாத இடத்துல வை" என்று, கிளம்பிய நவ்வாராவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நவ்வாரா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். மை டம்ளரையும் காட்டினாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"சரி கண்ணு. மாத்திரையத் தண்ணில போட்டுக்கறேன். எலுமிச்சம்பழமும் பிழி. டீயை மட்டும் கேட்காதே. சாப்பிட்டதும் அது இல்லைன்னா நான் உட்காரவே மாட்டேன்."

"கொஞ்ச நேரம் கழிச்சுக் குடியேன், யம்மா."

"கொஞ்ச நேரம் கழிச்சுன்னா எனக்கு ஏது நேரம்? பாத்திரம் யார் கழுவறது? நாளைக்கு மாவு யார் பிசையறது?"

மறுநாள் நவ்வாரா ஒரு காரியம் செய்தாள். தேயிலை டப்பாவைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அம்மா சாப்பிட்டு முடித்து, அலமாரியில் தேடினாள், அடுப்படியில் தேடினாள். கோபப்படவில்லை. எங்கே வைத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து வெறுங்கையோடு சுவரோரம் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நவ்வாராவால் அதைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்து அலமாரியில் வைத்தாள். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு வேண்டியது டீயா, அல்லது டீயைச் சாக்காக வைத்து உட்காருவதா?

அடுத்த நாள் சாப்பாடு ஆனதும் சுவரோரம் தலையணையைச் சாய்த்து வைத்தாள். ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெயும் கொண்டுவந்தாள்.

"யம்மா, டீ வருது. அதுவரைக்கும் கையை இதுல வச்சுக்கிட்டு உட்காரு. பாத்திரம் நான் பாத்துக்கறேன். டீ வர்ற வரைக்கும் உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

வாசலில் ஷெஹாத்தாவைக் காவலுக்கு நிறுத்தினாள். அவன் ஒரு கரும்புக் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றான். கொஞ்ச நேரத்தில் ஸக்கியா அத்தை வந்தாள்.

"நில்லுங்க அத்தை! உள்ள போகக் கூடாது. யம்மா டீ குடிக்கறா."

அத்தை எட்டிப் பார்த்தாள். "டீயே இல்லையேடா!"

"வரப்போற டீ."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். உள்ளே அம்மா வெந்நீரில் கையை வைத்தபடியே தூங்கியிருந்தாள். அவள் கண் விழித்தபோது டீ பக்கத்தில் ஆவி பறக்க இருந்தது. பாத்திரமெல்லாம் கழுவியாகியிருந்தது, கோழிகளும் கூண்டுக்குள் இருந்தன. அம்மா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்தாள்.

வீட்டில் சரி, வயலில் என்ன செய்வது? மத்தியானம் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ரொட்டியும் வேகவைத்த மொச்சையும் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட கையோடு டீயும் குடிப்பார்கள். எல்லோரும் குடிக்கும்போது அம்மா மட்டும் எப்படி வேண்டாம் என்பாள்?

ஆனால் அத்தை சொன்னபடி வயலில் டீ போடும் வேலை நவ்வாராவுக்கு வந்திருந்தது; கெட்டில் அவள் கையில் அல்லவா இருந்தது! சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய மொச்சையிலும் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டே போனாள். அடுப்பில் காய்ந்த கரும்புத் தோகைக்குப் பதில் ஈரத் தோகையைச் செருகினாள். புகை வந்தது, தும்மல் வந்தது, டீ வரவில்லை. தண்ணீர் சூடாகிற மாதிரி தெரிந்தால் இன்னொரு குவளை பச்சைத் தண்ணீரை ஊற்றினாள்.

"இவ போடற டீ கொதிக்கறதுக்குள்ள கோடைகாலம் வந்துடும்!" என்றாள் உம் ஹம்தி.

"வந்தா நல்லதுதான். வெயில்லயே கொதிச்சுடும்" என்றாள் இன்னொருத்தி.

மேஸ்திரி கினாவி வந்து அடுப்பைக் குனிந்து பார்த்து, புகையில் கண்ணைக் கசக்கினார். "இந்தக் கெட்டிலுக்கு என்ன வந்தது? நல்லாத்தானே இருந்துச்சு!"

"ஈரத் தோகை, மாமா. என்ன பண்றது?" என்று நவ்வாரா பெருமூச்சு விட்டாள்.

டீ கொதித்தபோது எல்லோரும் மறுபடி வேலைக்கு உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வேலை நடுவே, வெயில் இறங்கும் நேரத்தில் வந்த அந்த டீ நன்றாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் கெட்டில் தாமதமாகத்தான் கொதித்தது. திட்டெல்லாம் நவ்வாராவின் தலையில் விழுந்தது. கண் எரிந்தது, இடுப்பு வலித்தது, புகை நாற்றம் முடியை விட்டுப் போகவே இல்லை. ஆனாலும் அவள் ஈரத் தோகையைச் செருகுவதை விடவில்லை.

ஒரு மத்தியானம் அவள் திருட்டுத்தனமாக விறகில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் எதிரில் அம்மா. நவ்வாரா தண்ணீர்க் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அம்மா அடுப்பைப் பார்த்தாள். மகளின் கரி படிந்த மூக்கைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் குச்சிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"தண்ணி ஊத்தாதே கண்ணு, புகைதான் வரும். காஞ்ச குச்சியே ரெண்டே ரெண்டு வை. அதுவும் மெதுவாத்தான் கொதிக்கும்" என்று காதோடு சொன்னாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா, யம்மா?"

"டீ போடத் தெரியாத பொண்ணையா நான் வளர்த்திருக்கேன்?" என்று அம்மா சிரித்தாள். சத்தமில்லாத சின்னச் சிரிப்புதான். ஆனாலும் நவ்வாரா அதைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

லீவு முடியப்போகும் சமயத்தில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். "ஏறியிருக்கு. இன்னும் ஏறணும். விடாம இப்படியே செய்யுங்க" என்றார் டாக்டர் ரீஹாம். அவர் மேசையில் ரொட்டி இருந்தது, டீயைக் காணோம்.

"பாத்தியா, என் நீல மணி வேலை செஞ்சிடுச்சு!" என்றாள் ஸக்கியா அத்தை. நவ்வாரா மறுத்துப் பேசவில்லை. மணியும் இருந்துவிட்டுப் போகட்டும். "சரி சரி, நீ பள்ளிக்கூடத்துக்கே போ" என்று அத்தை வாயிலிருந்தே வந்துவிட்டதே, அது போதும்.

பள்ளி திறக்கும் நாள் காலையில் நல்ல குளிர். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, அம்மா அன்று சற்றுத் தாமதமாக வேலைக்குக் கிளம்புவதாக இருந்தாள். நவ்வாரா ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். இன்னொரு துண்டைப் பிய்த்து, ஆவி பறக்கும் டீயில் தோய்க்கப் போனாள்.

"அடியே நவ்வாரா!"

ஜன்னல் அதிர்ந்தது. நவ்வாராவின் கையிலிருந்த ரொட்டித் துண்டு கீழே விழுந்தது.

"ஊருக்கெல்லாம் டீ கூடாது, டீ கூடாதுன்னு புகை போட்டுட்டு, நீ மட்டும் ரொட்டிய டீயில முக்கித் தின்னுவியா? வை டம்ளரை! பள்ளிக்கூடம் விட்டு வந்து குடி! இந்தா, எலுமிச்சம்பழம். மொச்சையில பிழிஞ்சு சாப்பிடு. இது யாரு கோழியைக் கட்டில்ல ஏத்தினது? ஷெஹாத்தா! எங்கடா போனே?"

நதிக்கரையிலிருந்து ஷெஹாத்தா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். வாசலில் மூச்சிரைக்க நின்று, கண்ணை அகல விரித்து அக்காவைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

பையை எடுத்துக்கொண்டு நவ்வாரா தெருவில் இறங்கினாள். பள்ளிக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் அவள் மெதுவாகவே நடந்தாள். அம்மாவின் திட்டு தெருமுனை வரை அவளோடு வந்தது.